மாடு யாருடையது, நிலம் யாருடையது: கௌச்சோ ஊர்களும் மாமல்லபுரத்து இடையர்களும்

தென் பிரேசிலில் ரியோ கிராண்டி டோ சுல் மாநிலத்தின் ஆற்றங்கரைச் சிற்றூர்களைப் பற்றிய பயணக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பத்துப் படித்தால் பதினோராவதை நாமே எழுதிவிடலாம். ஓர் ஆறு இருக்கும். கரையில் தொளதொள கால்சட்டையும் அகலத் தொப்பியும் போட்ட பெரியவர் ஒருவர் சுரைக்குடுக்கையில் ‘மாட்டே’ இலைச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருப்பார். பக்கத்தில் மாட்டிறைச்சி தணலில் வாட்டப்படும். ஊர் அமைதியாக இருக்கும். கடைசியில் ‘இங்கே காலம் நின்றுவிட்டது’ என்கிற தொனியில் ஒரு வரி வரும். கட்டுரை முடிந்தது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆறும் உண்டு, மாட்டேயும் உண்டு, பெரியவரும் உண்டு. ஆனால் அந்த ஊர் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது, பெரியவரின் அப்பா யாருடைய மாட்டை மேய்த்தார், அந்தப் புல்வெளி இப்போது யார் பேரில் இருக்கிறது என்கிற கேள்விகள் மட்டும் வராது. ‘கௌச்சோ’ என்றால் குதிரையில் மாடு மேய்த்தவன். அவனைப் பற்றிய எழுத்தில் மாடும் மேய்ச்சலும்தான் குறைவாக இருக்கின்றன.

நான் பிரேசிலுக்குப் போனதில்லை. சிறுசேரியில் இருக்கிறேன். இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், மாமல்லபுரத்தில், மாடு மேய்ப்பவர்களைப் பற்றி நம் கையில் இருக்கிற மிகப் பெரிய கல் சித்திரங்களில் ஒன்று இருக்கிறது: கிருஷ்ண மண்டபத்துக் கோவர்த்தனக் காட்சி. அதைப் பற்றியும் இதே மாதிரிதான் எழுதுகிறோம். ‘கிராமிய வாழ்க்கையின் எளிமை’, ‘அமைதி தவழும் ஆயர் வாழ்வு’ என்று. ஆகவே கேள்வி அவர்களுக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். மேய்ச்சல்காரரைக் காட்டுகிற ஒரு படைப்பை எதைக் கொண்டு நல்லது, சுமார் என்று சொல்வது?

என் அளவுகோல் மூன்று கேள்விகள். அதில் வேலை தெரிகிறதா? மாடு யாருடையது என்று தெரிகிறதா? புல் வளர்கிற நிலம் யாருடையது என்று தெரிகிறதா? உடை, பாட்டு, சாப்பாடு எல்லாம் அப்புறம்.

வசவுச் சொல் பட்டமான கதை

‘கௌச்சோ’ தொடக்கத்தில் மரியாதையான சொல் இல்லை. ஊர் பேர் இல்லாமல் சுற்றுகிறவன், அடுத்தவன் மாட்டைத் தோலுக்காக அடிக்கிறவன் என்பதுதான் அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புல்வெளிகளுக்குக் கம்பி வேலி வந்தது. வேலி வந்தபின் நிறைய ஆள் தேவைப்படவில்லை. வேலை போனவர்கள் ஊர் ஓரங்களில் குடிசை போட்டார்கள். அந்த ஆள் நிஜத்தில் குறையக் குறைய, அவனுடைய பெயர் உயர்ந்துகொண்டே போனது. இன்றைக்கு அந்த மாநிலத்தில் பிறந்த யாருக்கும் பெயர் கௌச்சோதான். பல் டாக்டரும் கௌச்சோ, வங்கி மேலாளரும் கௌச்சோ.

இந்த மாற்றத்துக்கு நாள் நட்சத்திரமே இருக்கிறது. 1947 செப்டம்பரில், தலைநகர் போர்ட்டோ அலெக்ரேயில் பள்ளி மாணவர்கள் சிலர் கௌச்சோ உடையில் குதிரையேறி ஊர்வலம் போனார்கள். 1948 ஏப்ரல் 24 அன்று ‘35’ என்ற பெயரில் முதல் ‘கௌச்சோ மரபு மையம்’ தொடங்கியது. 35 என்பது 1835இல் தொடங்கிய ஃபர்ரோபில்யா கிளர்ச்சியின் ஆண்டு. பண்ணை ஊர்களிலிருந்து படிக்க வந்து, நகரத்தில் ஊர் நினைப்பில் தவித்த பையன்கள் அவர்கள். முன்னணியில் இருந்த இருவர் பைஷாவோன் கோர்த்தெஸ், பார்போசா லெஸ்ஸா. இருவரும் ஊர் ஊராகப் போய் நடனங்களைச் சேகரித்து 1956இல் கையேடாகவே வெளியிட்டார்கள். 1958இல் போர்ட்டோ அலெக்ரேயில் வைத்த புகழ்பெற்ற கௌச்சோ சிலைக்கு மாதிரியாக நின்றவர் இதே பைஷாவோன் கோர்த்தெஸ்தான். தொழிலால் அவர் வேளாண் பொறியாளர். அதாவது ‘அசல் கௌச்சோ’ என்று சுற்றுலாக்காரர் படம் எடுத்துக்கொள்வது, மரபைத் தொகுத்த ஒரு படிப்பாளியின் உருவத்தை.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. உழைத்துச் சேகரித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பல நடனங்கள் போயே போயிருக்கும். நான் சொல்ல வருவது வேறு. அந்த மையங்களில் தலைவருக்கு என்ன பெயர் தெரியுமா? ‘பத்ராவோன்’, அதாவது பண்ணை முதலாளி. அவருக்குக் கீழே ‘கபதாஸ்’, மேஸ்திரி. சாதாரண உறுப்பினர் ‘பியாவோன்’, பண்ணையாள். பெண்கள் ‘பிரெண்டா’, பரிசுப் பொருள் என்பது அதன் நேர்ப்பொருள். பண்ணையின் மேல்கீழ் அடுக்கை அப்படியே சங்கத்தின் பதவி அடுக்காக்கிவிட்டார்கள். ஆக, மாடு யாருடையது என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. ஆனால் பதிலாகத் தெரியாது, அலங்காரமாகத் தெரியும்.

1947 ஊர்வலம் எதற்கு என்பதும் முக்கியம். கிளர்ச்சித் தளபதி தாவி கனபார்ரோவின் எலும்புகளைத் தலைநகருக்குக் கொண்டுவந்தபோது அதற்குக் காவலாகப் போனார்கள். அந்தக் கிளர்ச்சியில் விடுதலை தருவதாகச் சொல்லிச் சேர்த்த கறுப்பின அடிமைகளின் ஈட்டிப் படை ஒன்று இருந்தது. 1844 நவம்பர் 14 அன்று பொரோங்கோஸ் என்ற இடத்தில், கனபார்ரோவின் முகாமில் இருந்த அந்தப் படையில் பெரும்பகுதி கொல்லப்பட்டது. தாக்குதலுக்கு முன்பே அவர்களிடமிருந்து ஆயுதம் வாங்கப்பட்டிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இதில் கனபார்ரோவின் பங்கு என்ன என்பது இன்றும் தீராத சண்டை. குதிரை, தொப்பி, தீப்பந்தம் எல்லாம் வந்த மரபுக்குள் இந்தப் படைவீரர்கள் வந்து சேர ரொம்ப நாளானது.

அமைதி எங்கிருந்து வருகிறது

அமைதியான ஆற்றங்கரை ஊருக்கு நல்ல உதாரணம் ஜாகுவாரோன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உருகுவே. நடுவே 1930இல் முடிந்த மவா பாலம். செதுக்கு வேலை செய்த பழைய மரக்கதவுகளுக்குப் பேர்போன ஊர். 2011இல் பிரேசிலின் மரபுச்சின்ன அமைப்பு ஊரின் பழைய பகுதியையே பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. அந்த வீடுகள் கால்நடைப் பணத்தில் எழுந்தவை. அதே ஊரில்தான் 1918இல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் தொடங்கினார்கள். ஏன் தனி மன்றம் என்று கேட்டால் ஊரின் கதை பாதி வந்துவிடும். கதவைப் படம் பிடிக்கிற கட்டுரைகளில் இந்த மன்றத்தை நான் அதிகம் பார்க்கவில்லை.

கொஞ்சம் வடக்கே பெலோட்டாஸ். 1780 வாக்கில் அங்கே உப்புக்கண்டத் தொழில் ஆரம்பித்தது. நம்ம ஊர் உப்புக்கண்டமேதான்: மாட்டிறைச்சியைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் காயவைப்பது. ஆற்றங்கரையில் வரிசையாகக் கொட்டடிகள். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த அடிமைகள். உப்புக்கண்டம் போய்ச் சேர்ந்ததும் வடக்கே கரும்பு, காப்பித் தோட்டங்களில் இருந்த அடிமைகளின் தட்டுக்குத்தான். ஆறு அங்கே கண்ணுக்கு அழகாக இருந்தது என்பதைவிட, கழிவை அடித்துக்கொண்டு போகவும் சரக்குப் படகு வரவும் தேவைப்பட்டது. இன்றைக்கு அந்த ஆற்றங்கரைப் பங்களாக்களைச் சுற்றுலாப் பயணிகள் பார்க்கிறார்கள். அமைதியாகத்தான் இருக்கும். சத்தம் போட்ட தொழில் நின்று நூறு வருஷம் தாண்டிவிட்டது.

நகரத்தான் எழுதினால் தப்பா?

இங்கே ஒரு சுலபமான முடிவுக்கு வந்துவிடக்கூடாது: ‘எல்லாம் நகரத்தான் கட்டிய கதை, எனவே போலி.’ போர்ஹெஸ் 1951இல் புவனோஸ் ஐரிஸில் ஆற்றிய உரையில் இதைப் பேசியிருக்கிறார். கௌச்சோ கவிதை என்பது கௌச்சோக்கள் பாடிய பாட்டு இல்லை, படித்தவர்கள் உருவாக்கிய ஓர் இலக்கிய வகை, மற்ற வகைகளைப் போலவே செயற்கையானது என்பது அவர் வாதம். சரி. ஆனால் செயற்கை என்பதாலேயே மோசம் ஆகிவிடாது. நம்முடைய முல்லைத் திணையும் புலவர்கள் கட்டியதுதானே.

எனக்குப் பிடித்த சான்று சிமோயின்ஸ் லோபெஸ் நெட்டோ. பெலோட்டாஸ்காரர், வசதியான குடும்பம், பத்திரிகையாளர், வியாபாரத்தில் தோற்றவர். 1912இல் அவருடைய ‘கௌச்சோ கதைகள்’ வந்தது. கதை சொல்கிறவன் ப்ளாவ் நூனெஸ் என்ற வயதான மேய்ச்சல்காரன். முதல் கதையில் அவன் முதலாளிக்காக மாடு வாங்க 300 பொற்காசுகளை இடுப்பில் கட்டிக்கொண்டு குதிரையில் போகிறான். வழியில் ஓடையில் குளிக்கிறான். சேர வேண்டிய இடம் சேர்ந்தபின்தான் காசுப்பையைக் கரையிலேயே விட்டுவிட்டது தெரிகிறது. திரும்பி ஓடுகிறான், பை இல்லை. திருடன் என்று பேர் வந்துவிடுமே என்று துப்பாக்கியை எடுத்துத் தன்னையே சுட்டுக்கொள்ளப் பார்க்கிறான். அப்புறம் மனசு மாறுகிறது, பையும் கிடைத்துவிடுகிறது. ஆற்றங்கரை இருக்கிறது, இரவின் அமைதி இருக்கிறது, குதிரை இருக்கிறது, நாய் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் காசு யாருடையது என்பதும் இருக்கிறது. அந்த ஒன்றால்தான் மற்றதெல்லாம் கனக்கிறது.

அவரே 1913இல் எழுத்தில் கொண்டுவந்த ‘மேய்ச்சல் சிறுவன்’ ஐதீகம் இன்னும் கடுமை. அடிமைச் சிறுவன் ஒருவன் முதலாளியின் குதிரைகளைத் தொலைத்துவிடுகிறான். முதலாளி அவனை அடித்து எறும்புப் புற்றில் போடுகிறான். பிறகு பார்த்தால் சிறுவன் காயமில்லாமல் மாதாவின் பக்கத்தில் நிற்கிறான், குதிரைகளும் நிற்கின்றன. இன்றும் அந்தப் பக்கத்தில் பொருள் தொலைந்தால் இந்தச் சிறுவனுக்கு ஒரு மெழுகுவத்தித் துண்டு ஏற்றுவார்கள். மாநிலத்தின் பெரிய ஐதீகம் ஒன்று, முதலாளியின் கொடுமையை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. நகரத்தில் இருந்து எழுதியவர்தான். மூன்று கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கிறது.

கிருஷ்ண மண்டபம்: கறக்கிற கை

இதே கண்ணோடு மாமல்லபுரம் வருவோம். அர்ச்சுனன் தபசு என்று எல்லாரும் கூட்டம் போடுகிற பாறைக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கிறது கிருஷ்ண மண்டபம். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. பாதிப் பேர் எட்டிப் பார்த்துவிட்டு வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போய்விடுவார்கள். 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அந்தப் பாறை முன்னால் நின்ற படத்துக்குப் பிறகு கூட்டம் அங்கே இன்னும் அதிகம். வெண்ணெய் பிரபலம், வெண்ணெய் எடுத்தவர்கள் இருக்கிற பாறைக்கு ஆள் கம்மி.

காட்சி தெரிந்ததுதான். கண்ணன் இடக்கையால் மலையைத் தூக்கி நிற்கிறான். சுற்றி ஆயர்பாடி ஜனம். தலையில் சுமையோடும் பானைகளோடும் நிற்கிற பெண், தோளில் குழந்தையைச் சுமக்கும் ஆள், குழல் ஊதுகிறவன். எல்லாவற்றிலும் என்னை நிறுத்துவது பால் கறக்கிற ஆள்தான். குந்தி உட்கார்ந்திருக்கிறான். பசு தலையைத் திருப்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிறது.

இது வெறும் பாசக் காட்சி இல்லை. நாட்டு மாடு வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்க: கன்னைக் காட்டினாத்தான் மாடு பால் விடும். கன்றை ஊட்டவிட்டு, இழுத்து முன்னால் கட்டி, தாய் அதை நக்கிக்கொண்டிருக்கும்போது கறப்பார்கள். சிற்பி இந்தத் தொழில் நுணுக்கத்தைத் தெரிந்து செதுக்கியிருக்கிறான், அல்லது தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்கியிருக்கிறான். முதல் கேள்வியில் இந்தக் கல் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது.

மூன்றாவது கேள்வியிலும் அது சளைத்ததில்லை. கோவர்த்தனக் கதையை ‘கண்ணன் மழையிலிருந்து காப்பாற்றினான்’ என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். கதையின் தொடக்கம் ஒரு வாக்குவாதம். இந்திரனுக்கு எதற்குப் படையல், நாம் மாடு மேய்க்கிறவர்கள், நமக்குச் சோறு போடுவது இந்த மலையும் இந்த மாடுகளும்தான், மலைக்கே படைப்போம் என்கிறான் கண்ணன். கோவம் வந்து இந்திரன் மழையைக் கொட்டுகிறான். அப்போது குடையாக வருவது வேறு ஏதோ மலை இல்லை, இவர்கள் மாடு மேய்கிற மலைதான். மேய்ச்சல் நிலமே ஊரைக் காப்பாற்றுகிறது என்கிற கதை இது. பல்லவச் சிற்பி இதைப் புரிந்துகொண்டிருக்கிறான். மலையைத் தனியாகச் செதுக்கவில்லை. இயற்கைப் பாறையை அப்படியே விட்டு, அதன் கீழே ஆட்களை நிறுத்தினான். வெட்டவெளியில் நின்று பார்த்தால் நிஜமான பாறைதான் அவர்கள் தலைமேல் நின்றிருக்கும்.

கெட்டுப்போனது பின்னால். விஜயநகர காலத்தில் இதற்கு முன்னால் தூண் மண்டபம் கட்டிக் கூரை போட்டார்கள். சிற்பம் காற்று மழையிலிருந்து தப்பியது, அதற்கு நன்றி. ஆனால் மலை மறைந்துவிட்டது. இன்றைக்கு உள்ளே நுழைகிறவருக்குக் கண்ணன் ஒரு கூடத்துக் கூரையைத் தாங்குவதுபோலத் தெரிகிறது. மேய்ச்சல் மலைக்கும் ஊருக்கும் உள்ள உறவுதான் சிற்பத்தின் பேச்சு. அந்த உறவை ஒரு கட்டடம் நடுவில் வந்து அறுத்துவிட்டது.

குறை சிற்பத்திலும் இருக்கிறது. மழை இல்லை. ஊரே மூழ்கப்போகிறது என்கிற பயம் ஒரு முகத்திலும் இல்லை. மாடு யாருடையது என்ற கேள்வியைக் கல் தொடவே இல்லை. எல்லாம் எல்லாருடையதும்போல ஒரு சாந்தம். செதுக்கச் சொன்னது அரசு என்பதை நினைத்தால் இந்தச் சாந்தம் ஆச்சரியமில்லை. மேலே நிற்கிறவன் தாங்குவான், கீழே இருக்கிறவர்கள் கவலைப்படாமல் கறக்கலாம் என்பது எந்த ராஜாவுக்கும் பிடித்த செய்திதான்.

பால் உறையவில்லை

அந்தப் பயத்தைச் சொன்னது நம் இலக்கியம். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையைத் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். கண்ணனைப் பாடி ஆடுகிற ஆட்டம். ஆனால் அவர்கள் ஏன் ஆடுகிறார்கள்? குடத்துப் பால் உறையவில்லை. உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்ணில் நீர். ஆட்டுக்குட்டி துள்ளவில்லை. மாட்டுக் கழுத்து மணி அறுந்து விழுகிறது. மாதரி இதைப் பார்த்து, ஏதோ கெடுதல் வருது, குரவை ஆடுவோம் என்கிறாள். அந்தக் கெடுதல் மதுரையில் கோவலனுக்கு வருகிறது. ஆட்டம் பிறப்பது வேலை செய்கிற இடத்தில், வேலை பிசகியதால். பாலும் வெண்ணெயும் இல்லாவிட்டால் அந்தக் காதைக்கு அஸ்திவாரமே கிடையாது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் குரவையை மேடையேற்றும்போது முதலில் வெட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

நம் காலத்தில் கி. ராஜநாராயணனின் ‘கிடை’. ஆடுகள் ஒருவருடைய வெள்ளாமையில் இறங்கி அழித்துவிடுகின்றன. அப்போது ஆடு யார் பொறுப்பில் இருந்தது என்று விசாரணை. தடம் பார்க்கிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். விசாரணை போய் நிற்பது ஒரு காதலில். அதைச் சாதி முடித்துவைக்கிறது. ஆடு யாருடையது, நிலம் யாருடையது, நட்டத்தை யார் கட்டுவது: மூன்றும் இல்லாமல் அந்தக் கதை ஒரு பக்கம்கூட நகராது. ப்ளாவ் நூனெஸும் இந்தக் கீதாரிகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஓஎம்ஆரில் மாடு

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினார்கள். ஓஎம்ஆரில் ஐடி ஊழியர்கள் அடையாள அட்டையோடு ரோட்டோரம் நின்றார்கள். ஜனவரி 23 அன்று சட்டசபையில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. காளை டி‑சர்ட்டில் வந்தது, கார் கண்ணாடியில் ஒட்டியது, வாட்ஸ்அப் முகப்பில் ஏறியது.

1948இன் போர்ட்டோ அலெக்ரே மாணவர்களுக்கும் 2017இன் ஓஎம்ஆர் ஊழியர்களுக்கும் ரொம்பப் பொருத்தம். ரெண்டு பேரும் ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது அப்பா காலத்தில் வந்தவர்கள். கையில் கயிறு பிடிக்காத தலைமுறை. அந்த உணர்ச்சி போலி என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கூட்டத்தின் ஒழுங்கும் சூடும் நிஜம். ஆனால் படைப்பைக் கேட்கிற அதே மூன்று கேள்வியை இந்த அடையாளத்தையும் கேட்கலாம்.

அன்று அதிகம் பேசியது நாட்டு மாட்டு இனம் அழிவதைப் பற்றி. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று ஐந்து பெயர் எல்லார் வாயிலும் வந்தது. நல்ல விஷயம். ஐந்தில் ஒன்றுகூடச் செங்கல்பட்டுச் சீமை இனம் இல்லை. எங்கள் பக்கத்துக்கென்று பேர் வாங்கிய கால்நடை ஒன்று உண்டு: மெட்ராஸ் சிவப்பு செம்மறி. கம்பளி இல்லாத, செம்பழுப்பு நிற ஆடு. கூடுவாஞ்சேரி பக்கத்தில் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்த்து ஆராய்கிறார்கள். அதை யாரும் டி‑சர்ட்டில் போட்டுக்கொள்ளவில்லை. சீறி வருகிற காளை படத்துக்கு நன்றாக இருக்கிறது. குனிந்து மேய்கிற செம்மறி இல்லை. கௌச்சோ சிலையில் கையில் சுருக்குக் கயிறு இருக்கும், சாணி அள்ளுகிற கூடை இருக்காது. அதே கணக்குதான்.

நிலம்? சட்டத் திருத்தம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் செய்தது. அதில் மேய்ச்சல் நிலத்தைத் தேட முடியாது. ஆனால் மெரினாவிலும் வாட்ஸ்அப்பிலும் அந்தப் பேச்சு இருந்திருக்கலாம். இனம் பேசினோம், வெளிநாட்டுச் சதி பேசினோம், புல் பேசவில்லை.

எங்கள் பக்கம் ஏரிக்கரையில் மாடு வைத்திருக்கிற ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“எத்தனை உருப்படிண்ணே?”

“நாலு கறவை, ரெண்டு கெடேரி சார். எல்லாம் ஜெர்சி கலப்புதான்.”

“மேய்ச்சல் எங்கே?”

“மேய்ச்சலா? ஏரி உள்வாய்ல கொஞ்சம் கெடைக்கும், தண்ணி வத்தினா. மீதி ரோட்டோரந்தான். பிளாட்டு போட்டு செவுரு வச்சுட்டாங்க, வாட்ச்மேன் தொரத்துறாரு. தவுடு, புண்ணாக்கு வாங்கியே பால் காசு போயிடுது.”

“ஜல்லிக்கட்டுக்கு அப்போ போனீங்களா?”

“நம்மூர்ல அது கிடையாது சார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல பெயின்ட் அடிப்போம், அவ்ளோதான். பசங்க போனாங்க, லேப்டாப் பையோட.” சிரித்தார். குத்தல் இல்லாத சிரிப்பு.

அவருடைய மாடு செய்தித்தாளில் வந்தால் ‘சாலையில் திரியும் மாடு’. காளை வந்தால் ‘தமிழர் அடையாளம்’. ரெண்டுக்கும் தேவைப்படுவது ஒரே புல்.

புறம்போக்கு

வருவாய்த் துறைப் பதிவேட்டில் ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்று ஒரு வகை உண்டு. ஊர் மாடு மேய்வதற்கென்று ஒதுக்கிய பொது நிலம். தனியார் பட்டா கிடையாது. ‘மந்தைவெளி’ என்ற சொல்லும் ஊர் மந்தை கூடுகிற வெளியைத்தான் குறிக்கிறது. சென்னையில் அந்தப் பேரை இப்போது பஸ்ஸின் நெற்றியில் படிக்கிறோம்.

பொது நிலம் என்பதால் எடுக்கவும் லேசு. அலுவலகம் வேண்டுமா, குப்பைக் கிடங்கு வேண்டுமா, ரோட்டை அகலப்படுத்தணுமா, முதலில் கண் போவது மேய்க்காலுக்குத்தான். எல்லாமே அநியாயம் என்றும் சொல்ல முடியாது. நிலமே இல்லாதவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா கொடுத்ததும் பல இடங்களில் இதிலிருந்துதான்; அது தேவையான நியாயம். அந்தக் காலத்துப் பொது மேய்ச்சலில் எல்லாச் சாதி மாடும் சமமாக மேய்ந்தது என்று நினைப்பதும் வெறும் ஏக்கம். ஆனால் 2011 ஜனவரியில், பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றின் வழக்கில், உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் கிராமப் பொது நிலங்களில் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கச் சொன்னது. கேள்வி பழசு, பதில் எழுத்தில் இருக்கிறது, செவுரும் இருக்கிறது.

இந்த ரெண்டு சொல்லும் போன வழியைப் பாருங்கள். கௌச்சோ என்ற வசவு, நிலம் கைமாறி முடிந்ததும் பட்டமானது. புறம்போக்கு என்ற நிலத்தின் பெயர், நிலம் கைமாறிக்கொண்டிருக்கும்போதே வசவானது. 2017 ஜனவரியில், மெரினாக் கூட்டம் நடந்த அதே மாதத்தில், எண்ணூர்ச் சதுப்பு நிலத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி. வசவை மறுபடி நிலத்தின் பெயராக்கப் பார்த்த பாட்டு அது. காளைக்குக் கூடிய கூட்டத்தில் நூறில் ஒரு பங்கு அதன் பின்னால் போயிருந்தால்கூட ஏரி உள்வாய்களின் கதை கொஞ்சம் வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மரபைக் கொண்டாடுவதில் எனக்குச் சண்டை இல்லை. எதைக் கொண்டாடுகிறோம் என்பதில்தான். வீரத்தைக் கொண்டாடும் மரபு, மாடு இல்லாமலே பல தலைமுறை ஓடும். போர்ட்டோ அலெக்ரே அதற்குச் சாட்சி. வேலையையும் நிலத்தையும் காட்டுகிற படைப்பு அப்படி ஓடாது. கறக்கிற ஆளும், உறையாத பாலும், தொலைந்த 300 பொற்காசும், வெள்ளாமையில் இறங்கிய ஆடும் நம்மைத் திரும்பத் திரும்பப் பதிவேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். இலக்கிய விமரிசகருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். முல்லைத் திணையின் முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் கிராம ‘அ’ பதிவேடு. உங்கள் ஊர்ப் பதிவேட்டில் மேய்க்கால் என்று எந்தெந்தப் புல எண்கள் இருக்கின்றன, அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு சனிக்கிழமை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்ததை எழுதினால் அதுவும் முல்லைக்கு உரைதான்.